பழ டீயில் பழம் எங்கே இருக்கிறது?

பழ வாசனை டீக்களை வாங்கிச் சுவைக்கத் தொடங்கும் பலருக்கும் ஓர் ஏமாற்றம் சீக்கிரமே வந்துவிடுகிறது. பீச் டீ பாக்கெட்டைப் பிரிக்கும்போது மணம் ஆளைத் தூக்குகிறது, வெந்நீர் ஊற்றி ஒரு வாய் குடித்தால் கொஞ்சம் துவர்ப்பும் எங்கோ தூரத்தில் பீச்சும்தான் மிச்சம். உடனே இரண்டு தீர்ப்புகள் கிளம்பும். ஒரு சாரார் "எல்லாம் எசென்ஸ், கெமிக்கல்" என்று மொத்தமாக ஒதுக்கிவிடுவார்கள். இன்னொரு சாரார் அட்டைப்பெட்டியில் இருக்கும் பழப் படத்தை நம்பி, பழம் சாப்பிட்ட பலனே டீயில் கிடைக்கும் என்று குடித்துக்கொண்டிருப்பார்கள். இரண்டுமே சரியில்லை. ஏனென்றால் ஒரு டீக்குள் பழத்தின் மணம் வந்து சேர ஒரே ஒரு வழி இல்லை, பல வழிகள் இருக்கின்றன, அவை ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவை. சில டீக்களில் பழமே போடாமல் பழம் மணக்கிறது. சிலவற்றில் நிறையப் பழத்துண்டுகள் கிடக்கின்றன, ஆனால் மணத்துக்கும் அவற்றுக்கும் பெரிய தொடர்பு இல்லை.

இந்த வழிகளைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் பழ டீ சேகரிப்பது உண்மையிலேயே அருமையான பொழுதுபோக்கு. தெரியாவிட்டால் அலமாரியில் வண்ண வண்ணப் பெட்டிகள்தான் சேரும். வேதியியல் எதுவும் படித்திருக்க வேண்டாம், கொஞ்சம் பொறுமை போதும்.

நாக்குக்குத் தெரிந்தது ஐந்துதான்

முதலில் ஒரு சோதனை செய்து பாருங்கள். மாம்பழ மிட்டாய் ஒன்றை எடுத்துக்கொண்டு, மூக்கை இறுகப் பிடித்தபடி வாயில் போட்டுச் சப்புங்கள். இனிப்பு தெரியும், லேசாகப் புளிப்பு தெரியும், மாம்பழம் தெரியாது. இப்போது மூக்கை விடுங்கள். ஒரே நொடியில் மாம்பழம் வந்துவிடும்.

நாக்கு அறிவது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, அப்புறம் உமாமி என்கிற இறைச்சிச் சாறு, காளான் போன்றவற்றில் வரும் ஆழ்ந்த ருசி, இவ்வளவுதான். மாம்பழம், ஸ்ட்ராபெரி, ஆரஞ்சு என்று நாம் அடையாளம் சொல்வதெல்லாம் பெரும்பாலும் மூக்கின் வேலை. அதுவும் முன்னால் இருந்து முகர்வது மட்டுமல்ல. நாம் மெல்லும்போதும் விழுங்கும்போதும் வாயிலிருந்து எழும் ஆவி தொண்டையின் பின்பக்கமாக மேலேறி மூக்குக்குள் போகிறது. இதைப் பின்வழி மணம் என்று வைத்துக்கொள்வோம். சளி பிடித்த நாளில் ரசம் வெறும் புளிப்புத் தண்ணீராகத் தெரிவது இந்தப் பின்வழி அடைத்துக்கொள்வதால்தான்.

மணம் என்று நாம் உணர்வது எதை? எளிதில் ஆவியாகிக் காற்றில் பறந்து மூக்கைத் தொடும் சிறு மூலக்கூறுகளை. இவற்றை நறுமணச் சேர்மங்கள் என்கிறேன், கட்டுரை முழுக்க இந்த ஒரு சொல்தான் திரும்பத் திரும்ப வரும். ஒரு பழத்தில் நூற்றுக்கணக்கில் இருக்கலாம், ஆனால் அந்தப் பழத்தின் முகத்தைக் காட்டுவது பெரும்பாலும் அவற்றில் ஒன்றிரண்டோ ஒரு சிறு கூட்டமோதான். வாழைப்பழத்துக்கு ஐசோஅமைல் அசிட்டேட். பீச்சுக்கு காமா-டெக்காலாக்டோன். ஆரஞ்சுத் தோலை மடக்கிப் பிதுக்கும்போது பீச்சியடிக்குமே அந்த எண்ணெயில் பெரும்பங்கு லிமோனீன். பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, ஒவ்வொரு பழ மணத்துக்கும் பின்னால் இப்படி ஏதோ ஒரு பொருள் இருக்கிறது என்பது மட்டும் நினைவிருந்தால் போதும்.

ஆக இதுவரை: பழத்தின் ருசி என்று நாம் நினைப்பதில் பெரும்பகுதி மூக்குக்குப் போகும் நறுமணச் சேர்மங்கள். நாக்குக்குக் கிடைப்பது இனிப்பும் புளிப்பும். டீ பாக்கெட்டில் முதல் பாதி இருக்கிறது, இரண்டாவது பாதி பெரும்பாலும் இல்லை. ஏமாற்றத்தின் வேர் அங்கேதான், அதற்குப் பிறகு வருகிறேன்.

தேயிலை இருக்கிறதா, இல்லையா?

பெட்டியைக் கையில் எடுத்ததும் பார்க்க வேண்டிய முதல் விஷயம் இது. கறுப்பு டீ, பச்சை டீ, ஊலாங், வெள்ளை டீ எல்லாமே கமேலியா சினென்சிஸ் என்ற ஒரே செடியின் இலை. பறித்த பிறகு இலையை எவ்வளவு வாட்டுகிறார்கள், எவ்வளவு கசக்குகிறார்கள், கசங்கிய இலையில் காற்று பட்டு நிறமும் மணமும் மாற எவ்வளவு நேரம் விடுகிறார்கள் என்பதில்தான் வித்தியாசம். இந்த மாற்றத்துக்கு ஆக்சிஜனேற்றம் என்று பெயர். நறுக்கிய வாழைக்காய் கறுத்துப்போகிறதே, அதே வகை வேலை. கறுப்பு டீயில் அது முழுதாக நடக்கும், பச்சை டீயில் சூடு காட்டி ஆரம்பத்திலேயே நிறுத்திவிடுவார்கள், ஊலாங் இடையில் நிற்கும்.

இதற்கு வெளியே இன்னொரு பெரிய கூட்டம் இருக்கிறது. "பெரி டீ", "காட்டுப் பழ டீ" என்று ரத்தச் சிவப்பாக இறங்கும் வகைகள் பலவற்றில் ஓர் இலை தேயிலைகூட இருக்காது. உலர்ந்த ஆப்பிள், காட்டு ரோஜாக் காய், ஆரஞ்சுத் தோல், இவற்றோடு ரோசெல் என்ற செடியின் சிவப்புப் புல்லிவட்டம், இதுதான் வழக்கமான கூட்டணி. இதைப் பழக் கஷாயம் என்று சொல்வதுதான் நியாயம். ஜெர்மனியில் இது தனியாகவே ஒரு பெரிய பழக்கம், குழந்தைகளுக்கும் கொடுப்பார்கள், ஏனென்றால் தேயிலை இல்லாததால் கஃபீனும் இல்லை.

ரோசெலைப் பற்றி ஒரு வார்த்தை. பெட்டியில் "ஹைபிஸ்கஸ்" என்று பார்த்ததும் நம் வீட்டு வாசலில் பூக்கும் செம்பருத்தி என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். அது வேறு செடி. இது புளிச்சக்கீரை வகையறா. எகிப்திலும் சூடானிலும் கர்கதே என்ற பெயரில் இதை மட்டுமே போட்டு, சர்க்கரை சேர்த்துக் குடிக்கிறார்கள். பழக் கஷாயங்களின் சிவப்பும் நாக்கைக் கூசவைக்கும் புளிப்பும் பெரும்பாலும் இதன் கைங்கர்யம்தான், அட்டையில் இருக்கும் ராஸ்பெரியுடையது அல்ல. பால் ஊற்றிவிடாதீர்கள், அந்தப் புளிப்பில் பால் உடனே திரிந்துவிடும்.

என் கருத்தைக் கேட்டால், சேகரிப்பில் பழக் கஷாயங்களுக்குத் தனி அலமாரி கொடுத்துவிடுவது நல்லது. அவை தாழ்ந்தவை என்பதற்காகச் சொல்லவில்லை. ஒரே வரிசையில் வைத்து ஒப்பிட்டால் ரோசெலின் புளிப்பு மற்ற எல்லாவற்றையும் அழித்துவிடும் என்பதற்காக.

பழமே போடாமல் பழம் மணக்கும் டீ

இந்தப் பொழுதுபோக்கில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். இங்கே கொஞ்சம் நிதானமாகப் போகிறேன்.

டார்ஜிலிங்கில் மே, ஜூன் மாதங்களில் பறிக்கும் இரண்டாம் பருவ இலையில் மஸ்கடெல் என்று ஒரு மணம் வருகிறது. மஸ்கட் என்ற திராட்சை வகையின் மணம் அது. திராட்சையும் போடவில்லை, எசென்ஸும் தெளிக்கவில்லை, வெறும் இலை. எப்படி?

தேயிலைச் செடியின் இலைக்குள் பல நறுமணச் சேர்மங்கள் சர்க்கரை மூலக்கூறுகளோடு பிணைந்து, மணமே இல்லாமல் கிடக்கின்றன. பச்சைத் தேயிலையைப் பறித்து முகர்ந்தால் புல் வாசனைக்கு மேல் பெரிதாக எதுவும் தெரியாததற்கு இது ஒரு காரணம். பறித்த இலை வாடும்போதும், உருட்டிக் கசக்கும்போதும் இலையில் இருக்கும் நொதிகள், அதாவது உயிருள்ள செல்களில் வேதி மாற்றங்களை வேகப்படுத்தும் புரதங்கள், அந்தப் பிணைப்பை அறுத்துவிடுகின்றன. லினலூல், ஜெரானியால் போன்ற சேர்மங்கள் விடுபட்டு மணக்கத் தொடங்குகின்றன. இனிமேல்தான் விஷயம்: மஸ்கட் திராட்சைக்கு அதன் மணத்தைத் தருவதும் இதே லினலூலும் ஜெரானியாலும்தான். திராட்சையும் தேயிலையும் உறவே இல்லாத செடிகள், ஆனாலும் இரண்டும் ஒரே பொருளைத் தயாரிக்கின்றன. நம் மூக்குக்கு மூலக்கூறு மட்டும்தான் தெரியும், அது எந்தச் செடியிலிருந்து வந்தது என்று தெரியாது. "திராட்சை மாதிரி" என்று யாரோ கற்பனையாகச் சொல்லிவைத்தது என்று நினைக்க வேண்டாம், அங்கே உண்மையாகவே திராட்சை மணத்தின் ஒரு பகுதி இருக்கிறது.

இதில் ஒரு பூச்சிக்கும் பங்கு உண்டு. அந்தப் பருவத்தில் பச்சை நிறத்தில், அரிசியைவிடச் சின்னதாக இருக்கும் தத்துப்பூச்சிகள் வந்து இளந்தளிரில் சாறு உறிஞ்சும். கடிபட்ட செடி தற்காப்புக்காகச் சில நறுமணச் சேர்மங்களைக் கூடுதலாக உண்டாக்கும், அவை இலை டீயாக மாறும்போது தேனும் பழுத்த பழமும் கலந்த மணமாக வெளிப்படும். தைவானில் சின்சு, மியாவ்லி வட்டாரங்களில் இதை நம்பியே ஒரு டீ செய்கிறார்கள், ஓரியன்டல் பியூட்டி என்று உலகம் முழுக்க விற்கிறது. பூச்சி வந்து கடிக்க வேண்டும் என்பதால் அந்தத் தோட்டங்களில் பூச்சிமருந்து அடிக்க முடியாது. கடிபட்ட தளிர் வளர்ச்சி குன்றிப்போவதால் விளைச்சலும் குறையும். விலை ஏன் அவ்வளவு என்று கேட்பவர்களுக்கு இது பதில்.

சீனாவின் குவாங்டாங் மாகாணத்தில், சாவ்சோவ் பக்கம் ஃபீனிக்ஸ் மலை என்று ஒன்று இருக்கிறது. அங்கே விளையும் டான்சோங் என்ற ஊலாங் வகைகளை மணத்தின் பெயராலேயே பிரித்து விற்கிறார்கள். மி லான் சியாங் என்பதை ஊற்றிக் குடித்தால் தேனும் லிச்சியும் எழும், வெளியிலிருந்து எதுவும் சேர்க்கவில்லை. அது செடியின் ரகமும் வாட்டும் கைப்பக்குவமும் சேர்ந்து கொடுப்பது.

நமக்குப் பக்கத்திலேயும் உதாரணம் இருக்கிறது. நீலகிரியில் டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரையில் பனி விழும் இரவுகளை அடுத்த அதிகாலைகளில் பறிக்கும் இலையில் செய்யும் உறைபனி டீ, பெரிய இலையாகக் கிடைத்தால் வாங்கிப் பாலில்லாமல் குடித்துப் பாருங்கள். பூ மணமும் லேசான எலுமிச்சைச் சாயலும் தெரியும். நீலகிரி டீ என்றாலே பாலில் கொதிக்கவைக்கும் தூள் என்றுதான் நம்மில் பலருக்குப் பழக்கம், அந்த மலையில் இப்படியும் ஒன்று விளைகிறது என்பது நம் ஊர்க்காரர்களுக்கே இன்னும் பெரிதாகத் தெரியவில்லை என்பது எனக்கு நிஜமாகவே வருத்தம்.

இந்தப் பகுதியின் சாரம்: சில டீக்களில் பழ மணம் இலைக்குள்ளேயே பிறக்கிறது. பழத்தில் இருக்கும் அதே சேர்மங்களை இலையும் உண்டாக்குகிறது. செடியின் ரகம், பருவம், குளிர், பூச்சிக்கடி, வாட்டும் முறை எல்லாம் சேர்ந்து அதைத் தீர்மானிக்கின்றன.

பக்கத்தில் இருப்பதன் மணத்தை இழுத்துக்கொள்ளும் இலை

டீத்தூள் டப்பாவுக்கு அருகில் பெருங்காயத்தைச் சரியாக மூடாமல் வைத்த வீடுகளில் என்ன நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். காய்ந்த தேயிலை ஈரத்தையும் மணத்தையும் வேகமாக உறிஞ்சும். இந்தக் குணத்தையே கைத்தொழிலாக மாற்றினார்கள் சீனர்கள்.

மல்லிகை டீ இதற்குப் பாட்டன். மொட்டுகளைத் தேயிலையோடு கலந்து இரவு முழுக்க வைப்பார்கள், மொட்டு இரவில்தான் விரியும் என்பதால். காலையில் வாடிய பூவைச் சலித்து எடுத்துவிட்டு, இலையை உலர்த்தி, மறுபடி புது மொட்டு. நல்ல ரகத்துக்கு இது பல தடவை நடக்கும். அங்கே பயன்படுவது நம் மதுரை மல்லியின் அதே இனம். முடிவில் கோப்பையில் பூ இருக்காது, மணம் மட்டும் இருக்கும். மல்லிகை பழமில்லைதான், ஆனால் இந்த முறை புரிந்தால் பழத்துக்கும் அதுவேதான் என்பது விளங்கிவிடும். குவாங்டாங்கின் லிச்சி கறுப்பு டீ இந்த மரபில் வந்தது. லிச்சிப் பழத்தையோ அதன் சாற்றையோ இலையோடு சேர்த்து உலர்த்துவது பழைய வழி. இன்று லிச்சி மணத்தைத் தெளித்துவிடுவதும் உண்டு, விலையைப் பார்த்தே பாதி தெரிந்துவிடும்.

அதே மாகாணத்தின் சின்ஹூய் ஊர் மாண்டரின் ஆரஞ்சுத் தோலுக்குப் பேர்போனது. அந்தத் தோலைக் காயவைத்து குறைந்தது மூன்று வருடமாவது முதிரவிட்டால் அதற்கு சென்பி என்று பெயர். மருந்துக்கும் சமையலுக்கும் டீக்கும் போகும். இன்னொரு அழகான வடிவமும் இருக்கிறது: இன்னும் பழுக்காத, எலுமிச்சம்பழ அளவே இருக்கும் பச்சை மாண்டரின் காயின் உச்சியை வெட்டி, சுளையை எடுத்துவிட்டு, உள்ளே பூ-எர் என்ற நொதிக்கவைத்த யுன்னான் தேயிலையை அடைத்து, மூடி, காயோடு உலர்த்திவிடுவார்கள். ஒரு காய் ஒரு பானை டீ. பெயர் சியாவ் சிங் கான். பழ டீ சேகரிப்பவர்கள் யாரும் இதைத் தவறவிடக்கூடாது. மண்வாசனையுள்ள கனமான டீக்கு மேல் தோலெண்ணெயின் கூர்மை வந்து உட்காரும்.

எண்ணெயும் எசென்ஸும்

மேலே சொன்ன இரண்டும் நேரம் பிடிக்கிற, செலவான வழிகள். கடையில் கிடைக்கும் பெரும்பாலான பழ டீக்கள் மூன்றாவது வழியில் வருபவை: தயாரான தேயிலையின் மேல் மணப்பொருளைத் தெளித்துக் கலப்பது.

இதில் பழையதும் மிக நல்லதும் எர்ல் கிரே. பெர்கமாட் என்று ஒரு புளிப்பு ஆரஞ்சு வகை, பெரும்பாலும் இத்தாலியின் கடைக்கோடியில் கலாப்ரியாவில் விளைகிறது. அதன் தோலைப் பிழிந்தெடுக்கும் எண்ணெய்தான் எர்ல் கிரேயின் மணம். 1830 முதல் 1834 வரை பிரிட்டனின் பிரதமராக இருந்த சார்லஸ் கிரேயின் பெயரில் இது வழங்குகிறது, எப்படி அவர் பெயர் வந்தது என்று பல கதைகள் சொல்வார்கள், எதற்கும் உறுதியான சான்று இல்லை. எனக்கு அந்தக் கதைகளைவிட இன்னொன்று சுவாரசியம்: பெர்கமாட் எண்ணெயிலும் லினலூல் இருக்கிறது, கறுப்பு டீயிலும் லினலூல் இருக்கிறது. ஒட்டவைத்தது போலத் தெரியாமல் இரண்டும் ஒன்றாகவே பிறந்தது போலப் பொருந்துவதற்கு அது முக்கியமான காரணம் என்றே நினைக்கிறேன். ஸ்ட்ராபெரி மணம் தெளித்த டீயில் அந்தப் பொருத்தம் அரிது. மணம் ஒரு பக்கம், டீ ஒரு பக்கம் என்று நிற்கும்.

சரி, எசென்ஸ் என்று பயப்படுகிறோமே, அது என்ன? பழத்தின் நறுமணச் சேர்மங்களையோ அவற்றில் முக்கியமான சிலவற்றையோ தனியாகத் தயாரித்துக் கலந்த திரவம். நம் ஊர்ப் பாக்கெட்டுகளில் இயற்கையானது, இயற்கையை ஒத்தது, செயற்கையானது என்று மூன்று விதமாகக் குறிப்பிடுவதைப் பார்த்திருப்பீர்கள். இயற்கையானது என்றால் செடி, விலங்கு, நுண்ணுயிர் போன்ற மூலத்திலிருந்து எடுத்தது. இயற்கையை ஒத்தது என்றால் பழத்தில் இருக்கும் அதே மூலக்கூறு, ஆனால் ஆலையில் செய்தது. செயற்கை என்றால் இயற்கையில் காணப்படாத, ஆனால் பழத்தை நினைவூட்டும் மூலக்கூறு.

இங்கே ஒரு நுணுக்கம். "இயற்கையான மணம்" என்றாலே அந்தப் பழத்திலிருந்து எடுத்தது என்று அர்த்தமில்லை. பீச்சின் முகவரியான காமா-டெக்காலாக்டோனை இன்று தொழிற்சாலைகளில் ஆமணக்கெண்ணெயிலிருந்து ஒருவகை ஈஸ்டை வைத்து நொதிக்கவைத்து எடுக்கிறார்கள். நுண்ணுயிர் செய்த வேலை என்பதால் அது இயற்கைக் கணக்கில் வரும். ஒரு பீச் பழம்கூடத் தேவைப்படவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் இதற்காகவே ஒரு விதி உண்டு: "இயற்கையான பீச் மணம்" என்று பழத்தின் பெயரோடு எழுத வேண்டுமானால் மணப்பொருளில் குறைந்தது 95 சதவீதம் பீச்சிலிருந்தே வந்திருக்க வேண்டும். வெறுமனே "இயற்கையான மணம்" என்று போட்டிருந்தால் அந்தக் கட்டாயம் இல்லை. ஐரோப்பியப் பெட்டிகள் கைக்கு வரும்போது இந்த ஒரு வரியைப் படித்தாலே நிறையத் தெரிந்துவிடும்.

ஆமணக்கிலிருந்து வந்ததால் மோசம் என்று சொல்ல வரவில்லை. மூலக்கூறு ஒன்றேதான். மோசமான பழ டீக்கள் மோசமாக இருப்பதற்குக் காரணம் வேறு: ஒன்று, பழத்தின் நூறு சேர்மங்களுக்குப் பதில் இரண்டு மூன்றை மட்டும் போட்டுத் தட்டையாக்கிவிடுவது. இன்னொன்று, சுமாரான இலையை மறைக்க மணத்தை அள்ளித் தெளிப்பது. இலங்கை டீ நிறுவனங்கள் பல முள்சீத்தா மணமேற்றிய பச்சை டீ விற்கின்றன, இலங்கைத் தமிழர்கள் அன்னமுன்னா என்று சொல்லும் குடும்பத்துப் பழம். நல்ல மலைநாட்டு இலையில் அளவாக மணமேற்றினால் அது அருமையான டீ. அதே மணத்தைத் தூசி இலையில் தெளித்தால் மிட்டாய்க் கடை.

பழத்துண்டுகளைப் பற்றிச் சுருக்கமாக. காய்ந்த ஸ்ட்ராபெரித் துண்டு பார்க்க அழகு. உலர்த்தும்போது அதன் மணத்தில் பெரும்பகுதி போய்விடும், மிச்சத்தை மூன்று நிமிட வெந்நீர் வெளியே கொண்டுவராது. ஆப்பிள், ஆரஞ்சுத் தோல் போன்றவை நீண்ட நேரம் ஊறினால் கொஞ்சம் இனிப்பும் புளிப்பும் கொடுக்கும். மற்றபடி டீயோடு கலந்த துண்டுகள் பெரும்பாலும் கண்ணுக்குத்தான்.

பாக்கெட்டில் இருந்த பீச் கோப்பையில் எங்கே போனது?

ஆரம்பத்தில் விட்டுவைத்த கேள்வி. இரண்டு காரணங்கள்.

ஒன்று, நறுமணச் சேர்மங்கள் ஆவியாகும் பொருட்கள். பாக்கெட்டுக்குள் அவை அடைபட்டுக் குவிந்திருக்கின்றன, திறந்ததும் மொத்தமாக மூக்கில் அறைகின்றன. வெந்நீர் ஊற்றியதும் ஒரு பங்கு ஆவியோடு அறைக்குள் போய்விடுகிறது. அதனால்தான் ஊறும்போது மூடி வைக்கச் சொல்கிறோம், அது வெறும் சம்பிரதாயம் இல்லை.

இரண்டாவது காரணம் முக்கியம். பழம் என்ற உணர்வு மூளைக்குள் உருவாக மணம் மட்டும் போதாது, நாக்கிலிருந்து இனிப்பும் புளிப்பும் கூடவே வர வேண்டும். டீ நாக்குக்கு அனுப்புவது கசப்பும் துவர்ப்பும். மூக்கு பீச் என்கிறது, நாக்கு இல்லை என்கிறது. இதை வீட்டிலேயே சரிபார்க்கலாம். ஒரே பீச் டீயை இரண்டு கோப்பையில் ஊற்றி, ஒன்றில் மட்டும் அரைத் தேக்கரண்டி சர்க்கரை போடுங்கள். இனிப்பு மட்டும் கூடியிருக்க வேண்டும், ஆனால் பீச்சே கூடியது போல இருக்கும். மணப்பொருள் ஒரு துளிகூட அதிகமாகவில்லை. சர்க்கரை வேண்டாம் என்பவர்கள் கறுப்பு டீயை விட்டுத் துவர்ப்புக் குறைந்த ஊலாங்கிலோ வெள்ளை டீயிலோ பழ மணத்தைத் தேடினால் பலன் கிடைக்கும். குளிர்ந்த தண்ணீரில் ஃபிரிட்ஜுக்குள் ஆறேழு மணிநேரம் ஊறவைப்பதும் அப்படித்தான், துவர்ப்பு குறைவாக இறங்கும், பழம் முன்னுக்கு வரும்.

சுவைப்பது எப்படி

தொழில்முறை டீ சுவைஞர்களுக்கு ஐஎஸ்ஓ 3103 என்று ஒரு தர நிர்ணயமே உண்டு, 100 மில்லி கொதிநீருக்கு 2 கிராம் இலை, ஆறு நிமிடம். அவ்வளவு கடுமையாகப் போடுவது குறைகளை வெளியே கொண்டுவருவதற்காக, ரசித்துக் குடிப்பதற்காக அல்ல. அதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது எண்களை அல்ல, ஒழுங்கை: எல்லாக் கோப்பைக்கும் ஒரே அளவு இலை, ஒரே அளவு நீர், ஒரே நேரம். இல்லாவிட்டால் இரண்டு டீயை ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை.

வீட்டுக்கு, 150 மில்லிக்கு 2 கிராம் நல்ல தொடக்கம். கறுப்பு டீக்குக் கொதிநீர், மூன்று நான்கு நிமிடம். பச்சை டீக்கு 70 முதல் 80 டிகிரி, இரண்டு நிமிடம், கொதிநீர் ஊற்றினால் கசப்பு எகிறி மணத்தை மூடிவிடும். பழக் கஷாயத்துக்கு நன்றாகக் கொதித்த நீர், எட்டு பத்து நிமிடம். உலர்ந்த பழமும் தோலும் மெதுவாகத்தான் இறங்கும்.

கோப்பை வெள்ளைப் பீங்கானாக இருக்கட்டும், மணத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளாது. மெருகிடாத மண் பானைகள் நுண்ணிய துளைகளுள்ளவை, ஒரு தடவை எர்ல் கிரே போட்டால் அப்புறம் அது எர்ல் கிரே பானைதான். கொதிக்கக் கொதிக்கக் குடிக்காமல் சற்று ஆறவிடுங்கள். அப்புறம் வெட்கப்படாமல் சத்தமாக உறிஞ்சுங்கள். சுவைஞர்கள் அப்படித்தான் செய்கிறார்கள், காற்றோடு சேர்ந்து டீ வாய் முழுக்கத் தெறிக்கும்போது ஆவி பின்வழியாக மூக்குக்குள் நிறையப் போகும். விழுங்கிய பிறகு வாயை மூடி மூக்கு வழியாக மெதுவாக மூச்சை விடுங்கள். பழம் அப்போதுதான் தெளிவாகத் தெரியும், பல சமயம் அதற்கு முன்னால் தெரியவே தெரியாது.

லெமன் டீயில் எலுமிச்சை பிழிந்ததும் நிறம் வெளுப்பதைக் கவனித்திருப்பீர்கள். டீ நீர்த்துப்போகவில்லை. கறுப்பு டீயின் நிறப்பொருட்கள் புளிப்பில் வெளிறும் குணமுள்ளவை, அவ்வளவுதான். அதனால் புளிப்பான பழம் கலந்த டீயின் கடுமையை நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

சேகரிப்பவர்களுக்கு

முதல் விஷயம், 25 கிராமுக்கு மேல் வாங்காதீர்கள். பத்துப் பன்னிரண்டு கோப்பைக்கு அது போதும். மணமேற்றிய டீ ஒயின் மாதிரி முதிரும் பொருளல்ல, திறந்த நாளிலிருந்தே குறையத் தொடங்கும். அதிலும் ஆரஞ்சு, எலுமிச்சை வகைகள் சீக்கிரம் கெடும், லிமோனீன் காற்றில் ஆக்சிஜனேற்றம் அடைந்து பெயின்ட் கடை வாடை வந்துவிடும். சென்பியும் மாண்டரின் காயில் அடைத்த பூ-எரும் விதிவிலக்கு, அவற்றை வருடக்கணக்கில் வைக்கலாம்.

வெளிச்சம், காற்று, ஈரம், சூடு இந்த நான்கும் எதிரிகள். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் ஈரம்தான் முதல் எதிரி, ஆகவே இறுக்கமாக மூடும் தகர டப்பா, அதற்குள் ஜிப் வைத்த பை என்று இரட்டைக் காப்பு அவசியம். கண்ணாடி ஜாடியில் அடுக்கி வைத்தால் அழகுதான், டீக்கு நல்லதல்ல. ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், வெளியே எடுத்துத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் இலைமேல் ஈரம் படியும். மணமேற்றாத டீயையும் மணமேற்றியதையும் ஒரே பெட்டியில் வைக்கவே கூடாது. காரணம் பெருங்காயப் பத்தியிலேயே இருக்கிறது.

அடுக்கும்போது பழத்தின் பெயரால் அடுக்காமல், மணம் எந்த வழியில் வந்தது என்பதை வைத்து அடுக்குங்கள். இலையில் பிறந்தவை ஒரு வரிசை, உறிஞ்சவைத்தவை ஒரு வரிசை, தெளித்தவை ஒரு வரிசை, தேயிலை இல்லாத கஷாயங்கள் தனியாக. குறிப்பேட்டில் தேதி, அளவு, நேரம் மூன்றையும் எழுதிவிட்டு, "நன்றாக இருந்தது" என்று முடிக்காமல், எந்தப் பழம், பச்சையா பழுத்ததா, தோலா சுளையா, ஜாமா மிட்டாயா என்று எழுதப் பழகுங்கள். சில வாரங்களில் மூக்கு கூர்மையாவது உங்களுக்கே தெரியும்.

ஒரே நாளில் நாலைந்தைச் சேர்த்துச் சுவைப்பதாக இருந்தால் வரிசை முக்கியம். நீலகிரிப் பனிக்கால டீயில் ஆரம்பித்து, டார்ஜிலிங் இரண்டாம் பருவம், அடுத்து லிச்சி கறுப்பு டீ, அப்புறம் மாண்டரின் பூ-எர் என்று மென்மையிலிருந்து கனத்துக்குப் போங்கள். எர்ல் கிரேயைக் கடைசியில் வையுங்கள், அதைக் குடித்த வாயில் அடுத்த அரை மணிக்கு வேறெந்த டீயும் எடுபடாது.